தமயந்தி எடுத்த காண்ட்ராக்ட்

கூட்டிப் பெருக்குகிற வேலைக்கும் முதலாளி என்று ஒருவர் உண்டு என்பதே தமயந்திக்கு நெடுநாள் உறைக்கவில்லை. விடியற்காலையில் நீலசந்திராவிலிருந்து நடந்தே ரிச்மண்ட் ரோடு பக்கம் போவாள். அங்கே ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் இரண்டு மாடிகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவாள். மாதம் பிறந்தால் ஒரு காண்ட்ராக்டர் வந்து சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒரு மாதம் அவன் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வீட்டைத் தேடிப் போனால் பூட்டு தொங்கியது.

கம்பெனியில் இந்த மாதிரி விவகாரங்களைக் கவனித்துக்கொண்டவர் ஜூடித் மேடம். கம்மனஹள்ளியில் வீடு, குட்டையான ஆள், தமிழை இங்கிலீஷ் மாதிரி பேசுவார். வாசலில் விழித்துக்கொண்டு நின்ற ஆறு பெண்களையும் அவர் உள்ளே கூப்பிட்டார்.

"அவனுக்கு நாங்க செக் குடுத்தாச்சும்மா. அவன்தான் உங்கள ஏமாத்திட்டான். இனிமே எதுக்கு நடுவுல ஒருத்தன்? உங்கள்ல ஒருத்தர் பேர்ல பில் குடுங்க, நேரா நானே தரேன். அவன் என்ன பெருசா செஞ்சான்? மாசம் ஒரு தடவ வந்து கையெழுத்து போட்டான், அவ்ளோதானே?"

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது தமயந்தியின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளியவள் முத்தம்மா.

"இவ ஒம்போதாவது படிச்சவ மேடம். இங்கிலீஷ்கூட எழுத்து கூட்டிப் படிப்பா. இவ பேருக்கே குடுங்க. இவ சொல்றத நாங்க கேட்டுக்கினு இருக்கோம்."

முத்தம்மா எதிர்வீட்டுக்காரி. தமயந்தியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் சீனு கல்யாணம் ஆனதும் ஓசூர் பக்கம் போனவன், தீபாவளிக்கு வந்தாலே அதிசயம். உரத்த குரல், தெருக் குழாயில் சண்டை வந்தால் அவள் வாய்தான் தீர்ப்பு. அவள் சொன்னாள் என்பதற்காகவே மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

இப்படித்தான் தமயந்தி முதலாளியானாள். மகளின் பெயரில் 'மகா எண்டர்பிரைசஸ்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டாள். மகா அப்போது ஹைஸ்கூலில் இருந்தாள், பில்லை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். கணவர் சண்முகம் லேத் பட்டறை மூடியபிறகு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த முதல் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அதிகம் பேசாத மனுஷர்.

முதல் இரண்டு வருஷங்கள் நன்றாகவே போயின. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ரிச்மண்ட் ரோட்டிலும் இரண்டு மாடி நாலு மாடியானது. தமயந்திக்கு ஆட்கள் இருபதைத் தாண்டினார்கள். எல்லாரும் நீலசந்திராப் பெண்கள், எல்லாரும் முத்தம்மா பார்த்துக் கூட்டிவந்தவர்கள். இத்தனை பேர் ஆனதும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியே ஆகவேண்டும் என்று ஜூடித் மேடம் பிடிவாதமாகச் சொன்னார். தமயந்தி அலைந்து திரிந்து எல்லாருக்கும் அட்டை வாங்கிக் கொடுத்தாள். முத்தம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. அதுவரை கைக்குக் கிடைத்தபோது மாத்திரை, கிடைக்காதபோது வெந்தயம் என்று இருந்தவள், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மாதாமாதம் மருந்து வாங்க ஆரம்பித்தாள். "நான் பெத்தது குடுக்காதத இந்த அட்ட குடுக்குதுடி" என்பாள்.

மத்தியானம் பின்பக்க மாடிப்படிக்குக் கீழே எல்லாரும் டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். தமயந்தியும் அவர்களோடுதான் உட்காருவாள். அவளை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

தமயந்தியிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன கேட்டாலும் "செஞ்சிடலாம்" என்றுவிடுவாள். பெருக்கித் துடைப்பதற்குத்தான் பேச்சு. பிறகு காபிக் கப் கழுவச் சொன்னார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்த இடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். எதற்கும் தனியாகக் கேட்டு வாங்கவில்லை. முடியாது என்று சொன்ன வேலைக்காரிகள் அடுத்த வாரம் காணாமல் போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் அவள். முதலாளியான பிறகும் அந்தப் பயம் விட்டுப்போகவில்லை.

ஒருநாள் சண்முகம் சாப்பிட்டுக்கொண்டே, "நீ காண்ட்ராக்டரா, அவங்க வூட்டு வேலைக்காரியா? எதனா ஒண்ண முடிவு பண்ணு" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஆட்டோக்காரருக்கு ஆபீஸ் விஷயம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள்.

மல்லேஸ்வரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஆட்கள் வேண்டும் என்று ஜூடித் மேடமே ஒருமுறை அனுப்பிவைத்தார். எட்டாவது கிராஸில் பூக்கடைகளைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். டாக்டரம்மா உட்காரவைத்து, டபராவில் காபி கொடுத்து, எத்தனை பேர் அனுப்பமுடியும் என்று மரியாதையாகக் கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தாள். அங்கே ஒரு கண், இங்கே ஒரு கண் என்று வைக்கமுடியுமா? இங்கே ஏதாவது குறை வந்து ஜூடித் மேடம் முகம் சுளித்தால்? அந்த ஒரு கம்பெனியே போதும் என்று பட்டது. நர்சிங் ஹோமுக்கு முடியாது என்று சொல்லியனுப்பினாள். அவள் தொழிலில் முடியாது என்று சொன்ன இடம் அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவில் ஏதோ சரிந்தது என்றார்கள். ரிச்மண்ட் ரோட்டில் நாற்காலிகள் காலியாகின. காண்ட்ராக்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள். கேட்டவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் தமயந்தி சரி என்றுவிட்டாள். பேரம் பேச அவர்கள் தயாராக வந்திருந்தார்கள் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் குறைப்பு பெண்களின் கூலியில்தான் விழுந்தது. முணுமுணுப்பு எழுந்தபோது முத்தம்மா அடக்கினாள்.

"அவ மட்டும் வூட்ல நோட்டா அச்சடிக்கிறா? கம்பெனியே கம்மி பண்ணா அவ இன்னா பண்ணுவா. இருக்கற வேலைய காப்பாத்திக்கலாம், வாங்கடி."

முத்தம்மா பேசி அடக்கினாள்தான். ஆனால் அதற்குப் பிறகு தமயந்தி மாடிப்படிக்குக் கீழே போய் உட்காருவதை நிறுத்திக்கொண்டாள். அவர்கள் டப்பாவில் குழம்பு தண்ணீராக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. ஸ்டோர் ரூமில் ஒரு மேஜை இருந்தது. அங்கே தனியாகச் சாப்பிட்டாள். தன் கூச்சத்தால்தான் அப்படிச் செய்தாள். பெண்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு நல்ல காலம் திரும்பிவந்தது, முன்னைவிடப் பெரிதாக. கம்பெனி எலெக்ட்ரானிக் சிட்டியில் சொந்தக் கட்டடம் கட்டியது. எங்கே பார்த்தாலும் கண்ணாடி. ஜூடித் மேடம் அவ்வளவு தூரம் வரமுடியாது என்று ஓய்வு வாங்கிக்கொண்டார். புது இடத்துக்குக் கிரண் என்று ஒரு மேனேஜர் வந்தான். மைசூர்ப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். தமயந்தியை உட்காரச் சொல்லிவிட்டுக் கன்னடத்தில் பேசினான்.

"புது கேம்பஸ் அம்மா. வெளிநாட்டுலருந்து ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. நம்ம ஸ்டாஃப் கொஞ்சம் சின்ன வயசா, பேண்ட் சட்டை போட்டு, ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசற மாதிரி இருந்தா நல்லா இருக்கும். உங்க ஆளுங்களுக்கெல்லாம் வயசாயிட்ட மாதிரி தெரியுதே?"

"செஞ்சிடலாம் சார்" என்றாள் தமயந்தி.

அவன் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். உள்ளே இடம் பற்றாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். என்ன சொல்வது என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப்பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறு என்னவோ வந்தது.

"கம்பெனி ரூலு. புது எடத்துல முப்பத்தஞ்சு வயசுக்கு மேல வேணாம்னுட்டாங்க. நான் இன்னா பண்றது?"

முப்பத்தைந்து என்று யாரும் சொல்லவில்லை. அந்த எண் அவள் வாயில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. ரூல் என்றால் அதில் ஒரு எண் இருந்தால்தான் எடுபடும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஜெயலக்ஷ்மி என்கிற பெண்தான் முதலில் அழ ஆரம்பித்தாள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தவள். முத்தம்மா அழவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் நிதானமாகக் கேட்டாள்.

"முப்பத்தஞ்சு நீயும் தாண்டிட்டியேடி?"

"நான் காண்ட்ராக்டர் அக்கா."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. முத்தம்மா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். கையைத் தரையில் ஊன்றி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள். அவள் போனதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தமயந்தி பல நாள் நினைத்ததுண்டு.

புதுப் பெண்களை ஹெப்பகோடியிலிருந்து எடுத்தாள். பக்கத்திலேயே அறையெடுத்துத் தங்கியிருந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெண்கள். சுறுசுறுப்பானவர்கள், அவளை மேடம் என்றார்கள், காலையில் குட் மார்னிங் சொன்னார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேர் கார்மெண்ட்ஸுக்குப் போனார்கள், வேறு பாதி வந்தது. யாருடைய அம்மா பெயரும் அவளுக்குத் தெரியாது. நீலசந்திராவில் அவள் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவள் குடம் நிரம்பும்வரை எல்லாரும் வேறெங்காவது பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில மாதங்களில் முத்தம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு ஈஜிபுராவில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள் என்று மகா சொன்னாள். வாடகை கட்ட முடியவில்லையாம். தமயந்தி அதைக் கேட்டுக்கொண்டு அரிசி களைந்தாள்.

இரண்டாயிரத்து ஆறில் கிரண் அவளை மறுபடி உட்காரவைத்துப் பேசினான். செக்யூரிட்டி, கேண்டீன், தோட்டம், சுத்தம் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஏஜென்சிக்குக் கொடுக்கப்போகிறார்கள். மேலிடத்து முடிவு. அவள் பெண்களை அந்த ஏஜென்சியே எடுத்துக்கொள்ளும். அவளுக்கு வேண்டுமானால் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிப்பார்க்கிறேன் என்றான்.

எட்டு வருஷம் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கதவு மூடியதும் போக வேறு வாசல் இல்லை. மல்லேஸ்வரத்து நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அவர்கள் மரியாதையாகவே மறுத்தார்கள்.

கடைசி நாள் ஸ்டோர் சாமான்களை ஒப்படைத்து முடித்தபோது கிரணும் வந்து நின்றான். மனம் பொறுக்காமல் அவள் கேட்டுவிட்டாள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னு என் பழைய ஆளுங்க எல்லாரையும் நிறுத்தினேன் சார். அவங்க வயித்துல அடிச்சிட்டு வந்தேன். கடைசில எனக்கே இப்படி ஆச்சே."

கிரண் புரியாமல் பார்த்தான். "எல்லாரையுமா? ரிசப்ஷன், கான்ஃபரன்ஸ் ரூம், அந்தப் பக்கம் நிக்கறவங்களத்தானே அம்மா நான் நெனச்சு சொன்னேன். பேண்ட்ரி, பின்பக்கப் படிக்கட்டு, பேஸ்மெண்ட், இங்கெல்லாம் யார் இருந்தா என்ன? நீலசந்திராவுலருந்து வந்துபோக வேன் வசதிகூடப் பண்ணியிருக்கலாம். நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லையே."

அவன் வருத்தத்தோடுதான் சொன்னான். அதற்குள் அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போய் இறங்கி, நடந்து வீட்டுக்கு வந்தாள். சண்முகம் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முத்தக்காவ போய்ப் பாக்கணும்" என்றாள். "ஈஜிபுராவுல எங்கன்னு தெரியுமா?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "தெரியும். நான்தான ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன்."

"ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு?"

"காலு எடுத்துட்டாங்க. போன வருஷம்."

வேலை போன சில மாதங்களில் முத்தம்மாவின் இ.எஸ்.ஐ. அட்டை செல்லாமல் போயிருந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய மாத்திரையை முத்தம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள், பிறகு அதுவும் இல்லை. செருப்பு கடித்த புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள். ஜுரம் வந்து நினைவு தப்பிய பிறகுதான் தங்கச்சி சண்முகத்துக்கு ஆள் அனுப்பினாள். கருத்துப் போயிருந்த காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பே?" என்றார் சண்முகம். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஈஜிபுராவில் அது தகரம் போட்ட ஒற்றை அறை. முத்தம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஏதோ ஓட்டலுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சேலை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஆள் பாதியாகியிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாடி. ஒக்காரு. அந்த முறத்த அப்படித் தள்ளு."

தமயந்தி உட்கார்ந்தாள். கையில் கொண்டுவந்த பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்ட் போன விஷயத்தைச் சொன்னாள். முத்தம்மா உரித்துக்கொண்டே கேட்டாள். அதில் சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

"நான் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் முத்தம்மா. "எங்கள வேணாம்னு அந்த மேனேஜர் சொன்னப்போ, நீ எங்களுக்காக ஒரு வார்த்த கேட்டுப் பாத்தியா? இவங்க ரொம்ப நாளா இருக்காங்க, வச்சிக்கலாம் சார்னு?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. முத்தம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூண்டுத் தோல் கட்டிலெல்லாம் ஒட்டிக் கிடந்தது.

"கேட்டேன் அக்கா" என்றாள் தமயந்தி. "எவ்ளோவோ கேட்டேன். ஒத்துக்கல."

முத்தம்மா மூச்சை இழுத்துவிட்டாள். ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தவள் மாதிரி அவள் தோள் இறங்கியது.

"எனக்குத் தெரியும்டி. அந்த ஜெயலக்ஷ்மிதான், அவ வாயே தொறந்திருக்க மாட்டான்னு சொல்லிக்கினே இருந்தா. நான் ஒத்துக்கல. நான் முன்னால தள்ளிவுட்ட பொண்ணு, கேக்காம வந்திருக்க மாட்டான்னேன்." பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடிப் பூண்டை எடுத்துத் தமயந்தியின் முன் போட்டாள். "சும்மா ஒக்காந்துனு இருக்காத. உரி."

தமயந்தி இருட்டும்வரை உரித்தாள்.

முத்தம்மா சும்மா இருக்கவில்லை. தமயந்தி நமக்காகக் கேட்டுப் பார்த்தாள் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியனுப்பினாள். ஒரு வாரத்துக்குள் நீலசந்திராவில் தெரிந்துவிட்டது. குழாயடியில் யாரோ தமயந்தியின் குடத்தை வாங்கி முன்னால் வைத்தார்கள். ஜெயலக்ஷ்மி வீட்டுக்கே வந்து, "தப்பா நெனச்சுட்டேன்கா, மனசுல வச்சுக்காத" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது. எங்கோ கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம். தமயந்தி அந்தக் கையைத் திருப்பிப் பிடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றாள்.

சூப்பர்வைசர் வேலை அமையவில்லை, அவள் இங்கிலீஷ் போதாது என்றார்கள். கோரமங்களாவில் ஓர் அபார்ட்மெண்டில் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு ஒரு ஏஜென்சி எடுத்துக்கொண்டது. ஸ்டாம்பும் பில் புத்தகமும் பரணில் கிடந்தன. மகா கல்யாணம் ஆகிப் போனபோது பழைய சாமானோடு அவற்றையும் தூக்கிப் போட்டார்கள். தொழிலில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. ஒரே இடத்தை நம்பி நிற்கக்கூடாது, கூலியை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். இனி ஒரு தொழில் இருந்தால் அதெல்லாம் உதவும். வாயைத் திறந்து கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் வந்தது மட்டும் தொழில் கணக்கில் சேராது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் ஈஜிபுராவுக்குப் போனாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டேதான் போவாள். அவள் தலை தெரிந்ததும் முத்தம்மாவின் முகம் மலர்ந்துவிடும். சொல்வதற்கு அப்புறம் வழி இருக்காது.

இரண்டாயிரத்து எட்டு மழைக்காலத்தில் முத்தம்மா போய்ச் சேர்ந்தாள். சீனு ஓசூரிலிருந்து வந்து காரியம் செய்துவிட்டு மறுநாளே கிளம்பிவிட்டான். பழைய பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தமயந்தியைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெத்த மகன் செய்யாததை நீ செஞ்சே என்றார்கள்.

திரும்பும்போது சண்முகத்தின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சிக்னல் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"நான் கேக்கவே இல்லங்க."

என்ஜின் சத்தத்தில் அவருக்குச் சரியாக விழவில்லை. பாதி திரும்பி, "இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மறுநாள் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்னால் எழுந்து கோரமங்களாவுக்குப் போனாள்.